மலையடிவாரத்து மணியார்டர்

எங்கள் பக்கத்து ஊர்களில் யார் எங்கே போய் என்ன சம்பாதிக்கிறார்கள் என்பதை வீடு வீடாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கு இருந்ததில்லை. வேலூர்–அமிர்தி பஸ் காலையில் இறக்கிவிட்டுப் போகும் கான்வாஸ் பையின் அரக்கு முத்திரையை உடைத்து உள்ளே இருப்பதைப் பாயில் கொட்டினால் போதும். எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, எந்த வீட்டில் கடன்காரன் வாசலில் நிற்கிறான் என்று அதிலேயே தெரிந்துவிடும். 1979-இல் அமிர்திச் சாலையோரக் கிராமம் ஒன்றில் கிளை அஞ்சலக போஸ்ட்மாஸ்டராகச் சேர்ந்தேன். சில மணி நேர வேலைதான். அந்தச் சம்பளத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. சொந்தமாக வேறு வருமானம் உள்ளவர்களையே அதற்கு எடுப்பார்கள். எனக்கு மல்லாட்டையும் கேழ்வரகும் விளைகிற கொஞ்சம் மேட்டு நிலம் இருந்தது. அறுபத்தைந்து வயதில் சாவியை ஒப்படைக்கும் வரை வீட்டுத் திண்ணைதான் அஞ்சலகம்.

வேலூர்க்காரர்களுக்கு அமிர்தி என்றால் ஞாயிற்றுக்கிழமை. ஊரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டரில் காடு, மழைக்காலத்தில் அருவி, 1967-இல் வனத்துறை தொடங்கிய சின்ன உயிரியல் பூங்கா. மான் பார்த்துவிட்டு, கட்டிவந்த சோற்றைத் தின்றுவிட்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள். எங்களுக்கு அது ஜவ்வாது மலையின் வாசல். அங்கிருந்து மேலே நம்மியம்பட்டு, அதைத் தாண்டி ஜமுனாமரத்தூர். மேலேயிருந்து இறங்கி வருவது நாகநதி. நதியோடு சேர்ந்து இறங்கி வந்தவைதான் கடுக்காய், புளி, தேன், சாமை, விறகு, பட்டை. அந்த வரிசையில் கடைசியாக இருக்கும் பட்டையிலிருந்துதான் எங்கள் வீட்டுக் கதை தொடங்குகிறது.

என் ஆயா ஆவாரம் பட்டை உரித்தவள். ஆவாரஞ்செடியை அடியோடு பிடுங்க மாட்டார்கள். கொப்புகளை அறுத்து, தடியால் தட்டி, பட்டையை நெகிழ்த்தி, இழுத்து உரித்துக் காயவைப்பார்கள். வேர் மண்ணில் இருப்பதால் அடுத்த மழைக்கு மறுபடி தழைத்துவிடும். பெண்களும் பிள்ளைகளும் செய்கிற வேலை அது. உரித்த பட்டையை எடை போட்டு வாங்க வேலூரிலிருந்து ஆள் வரும். பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளுக்கு அது போகும். அந்தக் காலத்தில் மாட்டுத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிர் நீக்கி, சதை சீவி, ஆவாரம் பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் முக்கி, எண்ணெய் தடவிக் காயப் போடுவார்கள். மதராஸ் மாகாணத்திலிருந்து இப்படிப் பதப்படுத்திப் போன தோலுக்கு லண்டனில் தனி மதிப்பு இருந்தது. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவ பூட்சுக்காக அரசாங்கமே இந்தத் தோலை மொத்தமாகக் கொள்முதல் செய்தது. ஆயாவின் கை விரல் நுனிகளில் கடைசிவரை ஒரு கருமை இருந்தது. பட்டைச் சாறு ஏறிய கருமை. சிறுவனாக இருந்தபோது அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். அந்த விரல்கள் தொட்ட பட்டைக்கும் ஐரோப்பாவின் பதுங்குகுழிகளில் நடந்த பூட்சுக்கும் தொடர்பு இருந்திருக்கும் என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டபோது, அவள் உயிரோடு இல்லையே என்று வருத்தமாக இருந்தது.

ஆயாவின் காலத்திலேயே ஆவாரத்துக்குப் போட்டி வந்துவிட்டது. தென்னாப்பிரிக்க நேட்டாலிலிருந்து வாட்டில் பட்டை கப்பலில் இறங்கியது. அதில் சத்து அதிகம், தோல் சீக்கிரம் பதமாகும். எங்கள் மேட்டில் ஆவாரம் பூத்துக்கொண்டே இருந்தது, வாங்க வருகிறவர்கள்தான் குறைந்தார்கள். கடுக்காய்க்கு மட்டும் கொஞ்ச காலம் மவுசு நீடித்தது. என் அப்பா காட்டுக் குத்தகைதாரரிடம் கட்டை வண்டி ஓட்டினார். மலையாளிகள் பொறுக்கிக்கொண்டு வரும் கடுக்காயையும் புளியையும் அமிர்தியில் மூட்டை கட்டி, கண்ணமங்கலம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. (மலையாளிகள் என்று நாங்கள் சொல்வது ஜவ்வாது மலைப் பழங்குடிகளை. கேரளத்துக்காரர்களை அல்ல.) பொறுக்கினவருக்குக் கிடைத்தது எவ்வளவு, குத்தகைதாரருக்கு மண்டியில் கிடைத்தது எவ்வளவு என்று இரண்டு கணக்கும் அறிந்த ஒரே ஆள் வண்டிக்காரர்தான். அப்பா அதைப் பற்றி வீட்டில் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

பிறகு குரோமியம் வந்தது. சென்னை மாகாணத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1900-களின் தொடக்கத்திலேயே குரோம் பதனிடலைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். குரோம்பேட்டை என்ற பெயரே அந்த வழியில் வந்த ஒரு தொழிற்சாலையால் உண்டானதுதான். ஆனால் எங்கள் வட ஆற்காட்டில் அது வெள்ளமாகப் பாய்ந்தது 1970-களில்தான். சீதாராமையா குழு சொன்னபடி, அரைகுறையாகப் பதனிட்ட தோலை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1973-லிருந்து அரசு கட்டுப்படுத்தியது. முழுதாக முடித்த தோலாக அனுப்பு, செருப்பாக, ஷூவாக அனுப்பு, உள்ளூரில் வேலை பெருகும் என்பது நோக்கம். நல்ல நோக்கம். வேலையும் பெருகத்தான் செய்தது. பட்டையில் வாரக்கணக்கில் ஊற வேண்டிய தோல், குரோமில் ஓரிரு நாளில் நீல நிறமாகி வெளியே வந்தது. அதை வெட் புளூ என்பார்கள். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் விரிந்துகொண்டே போயின.

இந்த வளர்ச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். தோல் தொழில் வளர்ந்த அதே வருடங்களில்தான் எங்கள் மலையடிவாரம் அந்தத் தொழிலிலிருந்து அறுந்துபோனது. அதுவரை தோல் ஷாப்புக்கும் எங்களுக்கும் நடுவே பட்டையும் கடுக்காயும் இருந்தன. ஊரை விட்டு நகராமல், வெயிலில் காயவைத்து, எடை போட்டுக் காசு வாங்கலாம். குரோமியம் வந்த பிறகு எங்களிடம் விற்பதற்கு மிஞ்சியது உடம்பு மட்டும். ராணிப்பேட்டைக்கும் பேரணாம்பட்டுக்கும் ஆண்கள் போகத் தொடங்கினார்கள். உப்புத் தோலை உதறும் வேலை, சுண்ணாம்புக் குழியில் இறங்கும் வேலை, சதை சீவும் வேலை. இவற்றுக்கெல்லாம் பெரும்பாலும் காலனி ஆட்களைத்தான் எடுத்தார்கள். கட்டிங், ஃபினிஷிங் என்று காய்ந்த பக்கம் போக அவர்களுக்கு வெகு காலம் பிடித்தது. வாரக் கடைசியில் ஊருக்கு வந்தால் கிணற்றடியில் எத்தனை முறை குளித்தாலும் தோல் வாசம் போகாது. கால் விரல் இடுக்குகள் வெந்திருக்கும். அந்த ஆண்களில் சிலருக்கு நான் பி.எஃப். விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதினைந்து வருடம் ஒரே கூரையின் கீழ் உழைத்தவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் போனதுண்டு. கான்ட்ராக்டர் மாறினால் ஆளும் புது ஆளாகிவிடுவார்.

மணியார்டர்களில் நான் ஆவலோடு எடுத்துப் படித்தவை ராணுவத்திலிருந்து வந்தவை. 56 ஏ.பி.ஓ. என்ற முத்திரை இருக்கும். எங்கள் கணியம்பாடி ஒன்றியத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே அதைச் சொல்வார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக இது நடக்கிறது. அந்தப் பழக்கம் சுற்று வட்டாரத்துக்கும் பரவியிருந்தது. பத்தாவது முடித்த பையன்கள் விடியற்காலையில் அமிர்திச் சாலையில் ஓடிக்கொண்டிருப்பார்கள். மணியார்டர் படிவத்தின் அடியில் செய்தி எழுத ஒரு துண்டு இடம் உண்டு. விதை மல்லாட்டை வாங்கவும். மாட்டை விற்க வேண்டாம். தங்கச்சியைப் பள்ளிக்கூடம் நிறுத்தாதே. பனிமலையில் காவல் நிற்கிற ஒருவன், தன் ஊர் விதைப்புக் காலத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு நாலு வார்த்தையில் எழுதியிருப்பான். படிக்கத் தெரியாத தாய்மார்களுக்கு நான்தான் உரக்கப் படித்துக் காட்டுவேன். நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய் கமிஷன் பிடித்தாலும், அந்த வரிக்காகவே அவர்கள் மணியார்டரை விரும்பினார்கள் என்று நினைக்கிறேன்.

ராணுவம், பெங்களூர் கட்டட வேலை, திருப்பூர், சென்னை ஓட்டல் என்று அனுப்பும் இடங்கள் பல. ஆனால் இருபது வருடங்களுக்கு மேலாக ஒன்று மட்டும் மாறவே இல்லை. அனுப்புகிறவர் ஆண், வாங்குகிறவர் பெண். மனைவி அல்லது தாய் வந்து, மை தடவிய கட்டை விரலை அழுத்துவாள். பக்கத்து வீட்டுக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்.

இதற்கு நடுவில் பாலாற்றுப் பக்கம் வேறொரு கணக்கு தீர்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. என் தங்கையை வாணியம்பாடிக்கு அருகே ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். தென்னையும் நெல்லும் உள்ள வீடு என்று பெருமையாகக் கொடுத்தோம். 1980-களின் இறுதியில் அவர்கள் கிணறு உவர்ந்தது. தண்ணீர் லேசான மஞ்சளாக வரும். மாடு முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். ஒரு கிலோ தோலைப் பதனிட முப்பத்தைந்து லிட்டர் தண்ணீர் வேண்டும், அது வெளியே வரும்போது உப்பும் குரோமியமும் கலந்து வரும் என்பதெல்லாம் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. தோல் பட்டறைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டுப்போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. கெடுத்தவர்தான் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது என்று சட்டக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறார்கள். நீதிபதி குல்தீப் சிங் எழுதியது. அதே ஊர்க்காரர்கள் நஷ்டஈட்டுக்காக மறுபடி உச்ச நீதிமன்றப் படியேறி, 2025 ஜனவரி 30-இல் இன்னொரு தீர்ப்பு வாங்க வேண்டியிருந்ததையும் அந்த வகுப்புகளில் சேர்த்துச் சொல்ல வேண்டும். தங்கையின் மாமனார் முதல் தீர்ப்பைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்க்க அவர் இல்லை.

1996-க்குப் பிறகு சுத்திகரிப்பு வசதி இல்லாத தோல் ஷாப்புகளுக்குப் பூட்டு விழுந்தது. எங்கள் ஊரிலிருந்து போனவர்கள் பலர் திரும்பி வந்தார்கள். கிணறு கெட்டவர்களும் வேலை கெட்டவர்களும் ஒரே பஸ்ஸில் அருகருகே உட்கார்ந்து வந்தார்கள். இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. இருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டார்களே என்ற வருத்தம் இன்றுவரை தீரவில்லை.

மலைமேல் நடந்ததை இனிச் சொல்ல வேண்டும். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது.

ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பேர் போனது. திருப்பத்தூரில் அரசாங்கத்தின் சந்தனக் கிடங்கே இருக்கிறது. மரம் அரசாங்கத்துடையது, மலையில் இருப்பவர்களுக்கு அதில் பாத்தியதை கிடையாது. ஆனால் எந்தச் சரிவில் எந்த மரம் வைரம் பாய்ந்திருக்கிறது என்று மோந்தே சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். கடுக்காய்க்கு விலை போன பிறகு, அந்த அறிவையும் கோடரியையும் கூலிக்கு எடுக்க ஆள் வந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சந்தனம் கீழே இறங்கியது. லாரியில் ஏற்றி விற்றவன் வீடு கட்டினான், வெட்டினவன் ஜெயிலுக்குப் போனான். சந்தனம் தீர்ந்ததும் அதே தரகர்கள் மறுபடி வந்தார்கள். இந்த முறை திருப்பதி மலைகளின் செம்மரத்துக்கு. சேஷாசலக் காட்டில் நாலைந்து நாள் மரம் வெட்டினால், வருடம் முழுக்கச் சாமை விதைத்தாலும் பார்க்க முடியாத பணம் என்றார்கள். முன்பணம் கையில் வைத்தார்கள். பெண்ணுக்குக் கல்யாணம், சீட்டுப் பணம், ஆஸ்பத்திரிக் கடன் என்று முன்பணம் வாங்க எல்லார் வீட்டிலும் ஒரு காரணம் இருந்தது.

என் திண்ணைக்குத் தெலுங்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. பதிவுத் தபால், பழுப்பு உறை, ஆந்திர நீதிமன்ற முத்திரை. மலைமேலிருந்து இறங்கி, கீழே உறவினர் வீட்டில் தங்கிக் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு அப்படி ஒன்று வந்தது. கணவன் ஊரை விட்டுப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு உறையைக் கொடுத்தேன். அவள் போகாமல் நின்றாள்.

"இன்னா எழுதிக்கீதுண்ணா? உயிரோட கீறாரா, அத மட்டும் சொல்லுண்ணா."

எனக்குத் தெலுங்கு தெரியாது. எங்கள் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் எத்தனையோ பேர், ஆனால் அவர்களுக்குத் தமிழ் எழுத்துத்தான் தெரியும். அந்த உறையை எடுத்துக்கொண்டு நானும் அவளும் தெருத் தெருவாக அலைந்தோம். கடைசியில் சித்தூரில் படித்து வந்த ஒரு லாரி டிரைவர் வாசித்துச் சொன்னார். வழக்கு எண், பிரிவு, ஆஜராக வேண்டிய தேதி. உயிரோடு இருக்கிறான், கடப்பா ஜெயிலில். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள். ஜெயிலில் இருப்பது ஒரு பெண்ணுக்கு நல்ல செய்தியாகிவிட்ட நிலைமையை அன்றுதான் கண்ணெதிரே பார்த்தேன்.

2015 வந்தது. எங்கள் வட்டாரத்தின் உழைப்புச் சரித்திரத்தை யாராவது எழுதினால் அந்த ஒரு வருடத்துக்கே தனி அத்தியாயம் வேண்டும். ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலைக்குள் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். எங்கள் ஆட்கள் விட்டு வந்த ஈர வேலைக்கு இப்போது யார் வருகிறார்கள் என்பது அன்று எல்லாருக்கும் தெரிந்தது. ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலத்தில் ஆந்திரச் சிறப்புப் படை சுட்டதில் இருபது பேர் செத்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களின் மலைக்காரர்களும் கூலிக்காரர்களும். மோதல் என்றது போலீஸ். மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. அமிர்தி வழியாக மலைக்குப் போகும் பஸ்ஸில் அந்த வாரம் யாரும் வாய் திறந்து பேசவில்லை. அதே ஆண்டில்தான் பழைய காகித மணியார்டரும் முடிவுக்கு வந்தது.

செத்தவர்களைக் கடத்தல்காரர்கள் என்று எழுதிய பேப்பரை நான் மடித்து வைத்துவிட்டேன். கடத்தியவர்கள் வேறு. இவர்கள் வெட்டுக்கூலிகள். மலையில் வழிவழியாக வந்த திறமை ஒன்று இருந்தது. மரத்தை அறியும் திறமை, செங்குத்தில் பாரம் சுமந்து இறங்கும் திறமை. அதற்குச் சட்டத்துக்கு உட்பட்ட ஒரு வேலையை இந்த அரசுகளால் உண்டாக்கித் தர முடியவில்லை. வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது. தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவொன்றால் பட்டா கொடுப்பது 2016 வரை முடங்கிக் கிடந்தது. அந்த இடைவெளியில்தான் செம்மரத் தரகர்கள் மலைக்கு வந்துபோனார்கள்.

கீழே அடிவாரத்தில் இதே காலத்தில் பெண்களின் பக்கம் காற்று திரும்பியது. முதலில் நூறு நாள் வேலை. கண்ணமங்கலம் திருவண்ணாமலை மாவட்டம் என்பதால் அங்கே 2006-லேயே வந்துவிட்டது. வேலூர் மாவட்டமான எங்களுக்கு 2008-இல்தான். இரண்டு வருடம் எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லைக் கோட்டின் இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கத்து உறவுக்காரிகள் எண்பது ரூபாய்க் கூலி வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2025-இல் அது 336 ரூபாய். நிலக்காரர்கள் களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பினார்கள். நானும் நிலக்காரன்தான், எனக்கும் கிடைக்கவில்லை. ஆனால் முதல் தடவையாகப் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே கூலி என்று எழுதிய தாளை எங்கள் ஊர்ச் சுவரில் ஒட்டியபோது, அதைப் பார்த்துச் சிரித்த கிழவியின் முகம் எனக்கு மல்லாட்டை விளைச்சலைவிடப் பெரிது. 2014-க்குப் பிறகு அதே பெண்கள் வறண்டு கிடந்த நாகநதியின் படுகையில் உறை இறக்கி மழைநீர்க் கிணறு தோண்டினார்கள். சரிவுகளில் கல் அடுக்கித் தடுப்பு கட்டினார்கள். கிணறுகளில் தண்ணீர் ஏறியது. பிரதமர் தன் வானொலி உரையில் நாகநதியின் பெயரைச் சொன்னார். மண்வெட்டி பிடித்தவர்கள் ஓரிடத்தில் கூடி அதைக் கேட்டார்கள்.

அடுத்து ஷூ கம்பெனி பஸ். செய்யாறு சிப்காட்டில் தைவான் குழுமம் ஒன்றின் தொழிற்சாலை 2000-களின் பின்பாதியில் தொடங்கி, நைக்கி ஷூக்கள் அங்கே தைக்கப்பட்டன. ஆயிரக்கணக்கில் பெண்களை எடுத்தார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கமும் அப்பர் தைக்கும் பிரிவுகள் பெண்களால் நிறைந்தன. விடியும் முன்பே சாலையோரம் டிபன் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகப் பெண்கள் நிற்பார்கள். அவர்கள் தைப்பதில் பல தோலே இல்லாத ஷூக்கள். துணி, ரப்பர், செயற்கைத் தோல். 2022-இல் தமிழக அரசு காலணிகளுக்கும் தோல் பொருட்களுக்கும் தனிக் கொள்கை வெளியிட்டது. பனப்பாக்கம் சிப்காட்டில் இன்னொரு தைவான் நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஆவாரமும் வேண்டாம், குரோமியமும் வேண்டாம், மாடும் வேண்டாம். இந்த மண்ணிலிருந்து அதற்குத் தேவைப்படுவது பத்து விரல்கள். முன்பு ஆயாவிடம் கேட்டதும் அதைத்தான். அவளோடு செடியும் சேர்ந்து சம்பாதித்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் பேரேட்டில் இது உடனே தெரிந்தது. மணியார்டர் குறைந்து, ஆர்.டி. கணக்குகள் கூடின. மாதம் ஐந்நூறு, ஆயிரம் என்று கட்டுகிறவர்கள் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பெண்கள். செல்வமகள் சேமிப்புத் திட்டம் வந்தபோது மகள் பெயரில் கணக்குத் திறக்கத் தாய்மார்கள் சம்பளச் சீட்டோடு வந்தார்கள். கையெழுத்துப் போட்டார்கள். கட்டை விரல் மை டப்பா காய்ந்துபோய் அதை மாற்றக்கூட நான் எழுதிக் கேட்கவில்லை. பணம் இப்போது பெண்ணின் பெயரிலிருந்து வந்தது. கணவன் வேலூரில் ஆஸ்பத்திரி லாட்ஜில் செக்யூரிட்டி, அல்லது வாரம் இரண்டு நாள் கட்டட வேலை, அல்லது சும்மா. சில வீடுகளில் டாஸ்மாக்.

மலையடிவாரத்தில் குடும்பத்தைத் தாங்குகிறவர் யார் என்பது முப்பது ஆண்டுகளில் தலைகீழாக மாறிவிட்டது. வீட்டுக்குள் எதுவும் மாறவில்லை. ஒன்பது மணி நேரம் லைனில் நின்று டார்கெட் முடித்துவிட்டு, போக வர நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டு வருகிற பெண்தான் இரவு தண்ணீரும் பிடிக்கிறாள், உலையும் வைக்கிறாள். என் அண்ணன் மகள் ஆம்பூரில் ஐந்து வருடம் தைத்தாள். குழந்தை பிறந்ததும் போக முடியவில்லை. அப்பர்களை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். கையால் தைத்தால் ஜோடிக்குப் பத்து ரூபாய்க்கும் கீழே. விரல் நுனியில் ஊசி ஏறிய தழும்புகளை என்னிடம் காட்டினாள். பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, தைத்தது இன்ன கம்பெனிக்கு என்று அவளுக்கே தெரியாது. ஐரோப்பியக் கடைகளில் அந்த ஜோடி என்ன விலைக்குப் போகிறது என்று அவள் ஒரு தடவை போனில் தேடிப் பார்த்துவிட்டு, அப்புறம் தேடவில்லை.

2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின, ராணிப்பேட்டை தனி மாவட்டமானது. எங்களுக்கு இது தாளில் போட்ட கோடு மட்டுமல்ல. வேலைவாய்ப்பு முகாம், பயிற்சி நிலையம், தொழிலாளர் அலுவலகம் எல்லாம் மாவட்ட எல்லைக்குள்தான் நடக்கும். தோல் வேலையில் பெரும்பகுதி இப்போது வேறு இரண்டு கலெக்டர்களின் கீழ் இருக்கிறது. எங்கள் பெண்கள் தூங்கப் போவது ஒரு மாவட்டத்தில், உழைப்பது இன்னொன்றில், குறை சொல்ல எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதில் ஒவ்வொரு முறையும் குழப்பம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு ஐம்பது சதவீத வரி போட்டபோது, ஆம்பூர்ப் பக்கம் ஓவர்டைம் நின்றது. வாஷிங்டனில் போட்ட கையெழுத்து எங்கள் ஊர் மளிகைக் கடைப் பற்றுவரவு நோட்டில் ஒரே மாதத்தில் தெரிந்தது.

ஓய்வு பெற்ற பிறகும் மனு எழுதித் தரச் சொல்லி வருகிறார்கள். போன மாதம் வந்தவள் ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். பத்து வருடத்துக்கு முன்பு கணவன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்டு என் திண்ணையில் நின்றாளே, அவளுடைய மூத்த மகள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். அமிர்தியிலிருந்து விடியற்காலையில் ராணிப்பேட்டைக்கு நேர் பஸ் ஒன்று. ஊரில் குழந்தைகளைச் சாயங்காலம் ஏழு மணி வரை பார்த்துக்கொள்ளும் காப்பகம். வீட்டில் தைப்பவர்களுக்கு வேலை கொடுப்பவர் பெயரும் கூலியும் எழுதிய அட்டை. மூன்றோடு முடித்துவிட்டாள். ஜெயிலிலிருந்து வந்து இப்போது நம்மியம்பட்டில் சாமை விதைத்துக்கொண்டிருக்கும் அவள் அப்பா, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், நாலாவதாக ஒன்று சேர்க்கச் சொன்னார். மலையிலேயே சாமை குத்தவும் கடுக்காய் பொடிக்கவும் ஒரு மில், அதைச் சங்கத்தின் பெயரில். "இந்த மனுவுல இத எழுதலாமா சார்?" என்று கேட்டார். மனு கலெக்டருக்குத்தான் போகிறது, எழுதலாம் என்றேன். நாலு கோரிக்கையும் ஒரே தாளில் அடங்கவில்லை. பின்பக்கம் திருப்பி எழுதி, தபாலில் அனுப்பினோம்.